வளையல் வட்டம்

செல்வி கடை ஜெர்சியைப் போட்டால் டீம் தோற்கிறது என்ற பேச்சு எனக்கு மஸ்கட்டில் வந்து சேர்ந்தது. சொன்னவன் ராயப்பன். வல்லம் பக்கத்துக்காரன், எங்கள் கேம்பில் பக்கத்து அறை. அவனுக்கு அவன் மச்சான் சொன்னானாம். மச்சானுக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னார்களாம்.

"டேய் பிரான்சிஸு, திண்டிவனத்துல அந்த எம்ப்ராய்டரி கடை உங்க அக்காதுதான? அங்க ஜெர்சி போட்ட டீமெல்லாம் வரிசையா அவுட்டாம்டா. அமாவாசைக்கு மேல்மலையனூர் எடுத்துக்கினு போயி, அம்மன் காலடியில வச்சு எடுத்துக்கினு வந்தானுங்களாம். அப்பவும் முதல் ரவுண்டுலயே காலி. அங்காளம்மனாலயே முடியலடா உங்க அக்காவ!"

சிரித்துவிட்டுப் பருப்பில் உப்பு பார்க்கப் போய்விட்டான். நானும் சிரித்தேன். பிறகு அறைக்கு வந்து அக்காவின் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாக எப்போது வந்து போயிருக்கிறாள் என்று பார்த்தேன். தூங்கப் போகுமுன் அதைப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஊரில் மழை என்று செய்தி வந்தாலும் பார்ப்பேன், மழை இல்லை என்று வந்தாலும் பார்ப்பேன்.

மறுநாள் போனில் கேட்டேன்.

"ஆமாண்டா, சொல்றாங்க" என்றாள்.

"நீ ஒன்னும் கேக்கலியா?"

"இன்னா கேக்கறது."

"யாரு கெளப்பிவுட்டதுன்னு…"

"சாப்டியா நீ? அங்க வெயிலா?"

அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. என் அக்கா ஆரோக்கியசெல்வி அப்படி விட்டுவிடுகிறவள் கிடையாது. ரேஷன் கடையில் அரிசி குறைந்தால் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறவள். வதந்தி கிளப்பியவன் வீட்டு வாசலில் போய் நின்று அவன் ஏழு தலைமுறையையும் இழுத்திருக்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மூத்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி எங்களை வளர்த்தார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் அக்கா கம்பெனி பஸ் ஏறினாள். ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனி. அங்கே எம்ப்ராய்டரி மிஷின்கள் ஒரு கூடம் முழுக்க ஓடும். நூல் அறுந்தால் ஓடிப்போய்க் கோர்த்துவிடுகிற வேலையில் சேர்ந்தவள், சில வருஷத்தில் மிஷினுக்கு டிசைன் ஏற்றுகிற இடத்துக்கு வந்துவிட்டாள். கல்யாணம் ஆனது. அத்தான் ஆரோக்கியராஜ் திருவக்கரைப் பக்கம் கல்குவாரியில் டிப்பர் ஓட்டுகிறார், அதிகம் பேசாதவர். ஒரு நேரத்தில் ஒரு துணி மட்டும் தைக்கிற பழைய ஒற்றைத் தலை மிஷின் ஒன்றைக் கம்பெனி கழித்துக் கட்டியபோது அக்கா அதை வாங்கித் திண்டிவனம் செஞ்சி ரோட்டில் கடை போட்டாள். ஒரு பக்கம் மாவு மில், மறு பக்கம் செல்போன் ரிப்பேர். கடைக்குள் எப்போதும் மிளகாய்த்தூள் நெடி இருக்கும்.

முதலில் ஜாக்கெட்தான் வந்தது. ஜெர்சி பிறகு வந்தது, அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு கபடிக் குழு இருக்கிறது. வண்டியில் போய் விழுந்தோ வேறு விதமாகவோ இளவயசில் யாராவது போய்விட்டால், அடுத்த வருஷம் அவன் பெயரில் குழுவும் கோப்பையும் வந்துவிடும். ஜெர்சியின் முதுகில் அவன் பெயர் இருக்கும். அந்தப் பெயரை முன்பெல்லாம் ஸ்டிக்கர் போல அச்சடித்தார்கள். நாலு துவையலில் உரிந்துவிடும். செத்தவனின் அம்மா பந்தலில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறாள், கண்ணெதிரே பையன்கள் முதுகில் மகன் பெயர் பாதி உரிந்து தொங்குகிறது. ஒரு கோப்பையில் அப்படி ஒரு அம்மா மயங்கி விழுந்த பிறகு, பெயரைத் தைத்தே ஆகவேண்டும் என்று பேச்சு வந்தது. தைக்க அக்காவிடம் வந்தார்கள்.

ஜெர்சித் துணி இழுத்தால் வரும், விட்டால் போகும். வேர்வையை உறிஞ்சுகிற, உடம்போடு ஒட்டுகிற துணி. ஜாக்கெட் துணியை, அதைப் பிடித்துக்கொள்ளும் பிரேமில் மாட்டும்போது விரலால் தட்டினால் டப்பென்று சத்தம் வருகிற அளவுக்கு இழுத்து இறுக்க வேண்டும். அதே கையோடு ஜெர்சியையும் இறுக்கினால், இழுபட்ட நிலையிலேயே எழுத்து விழுந்துவிடும். பிரேமைக் கழற்றியதும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பிப் போகும். எழுத்து திரும்பாது. சுற்றிலும் சுருக்கம் விழும். அக்காவின் முதல் கட்டு ஜெர்சி அப்படித்தான் வீணாகி, அவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

பிறகு பிடித்துக்கொண்டாள். துணியைப் பிரேமில் சும்மா கிடத்துவாள். விரல் நுனியால் அதன் மேல் ஒரு தடவு தடவுவாள். எங்காவது இழுத்திருந்தால் அங்கே மட்டும் தளர்த்துவாள். "துணிக்குத் தெரியக் கூடாதுடா, பிரேம்ல மாட்டிக்கினோம்னு" என்பாள். வல்லம், செஞ்சி, மயிலம் பக்கத்துக் குழுக்கள் எல்லாம் அவளிடம்தான் போட்டன.

போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி, அறுவை, அதற்குப் பிறகு மருந்து ஏற்றினார்கள். நான் மஸ்கட்டில் இருந்து ஒவ்வொரு மருந்தின் பெயரையும் கேட்டு வாங்கி, இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை இணையத்தில் தேடிப் படித்தேன். இரண்டு மொழியிலும் பயமாகத்தான் இருந்தது. மருந்து முடிந்தது. முடி திரும்ப முளைத்தது. சுகமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், கோயிலில் பூசை வைத்தோம். அக்கா கடையைத் திறந்தாள். அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு.

லீவு கிடைத்ததும் வந்தேன். வீட்டில் பையைப் போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். வாசலில் வேணி நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அடுத்த வீட்டுக்காரி, கடை தொடங்கிய நாளிலிருந்து கூட இருக்கிறாள்.

"வாங்கண்ணே! இன்னா இப்படி வத்திப் பூட்டீங்க? ஒட்டகத்துக்குப் போட்டுட்டு மிச்சம் இருந்தா உங்களுக்குப் போடுறாங்களா?"

அக்கா மிஷின் அருகில் இருந்து திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டியா" என்றாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடி ரொம்ப இறுக்கமாக இருந்தது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மூலையில் கருநீல ஜெர்சிகள் ஒரு கட்டாகக் கிடந்தன. திருப்பி வந்தவை. ஒன்றை விரித்தேன். முதுகில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சித்தார்த்தன் என்ற பெயர், கீழே பிறை. வட்டத்தைச் சுற்றிலும் துணி, வேக வைத்த முட்டைக்கோஸ் இலை போலச் சுருண்டிருந்தது.

அக்கா மாவு மில்லுக்குச் சில்லறை மாற்றப் போனபோது வேணி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது. ரெண்டு மாசம் முன்ன ஒரு வெள்ளை ஜெர்சி. உள்பக்கம் பூரா செவப்பு செவப்பா புள்ளி. இன்னாக்கா இது, சாயம் எறங்குதான்னு கேட்டேன். அக்கா பாக்குது, நானும் பாக்குறேன். பாத்தா அக்கா வெரல்ல ஊசி குத்தி ரத்தம் வந்துக்கினே இருக்குது. அதுக்குத் தெரியவே இல்லண்ணே. ஆன்னு கூட சொல்லல. என் வெரலத்தான் மொதல்ல புடிச்சுப் பாத்துச்சு, உனக்கா அடிபட்டுச்சுன்னு."

அக்கா வந்ததும் கேட்டேன். வேணி சொன்னது என்று சொல்லவில்லை. அவளுக்கு யார் சொன்னது என்பதிலும் அக்கறை இல்லை.

"மரத்துப் போச்சு" என்றாள். "மருந்து ஏத்தும்போதே ஆரம்பிச்சுது. வெரல் கீது, வெரல்ல ஒன்னும் இல்ல. கால்லயும் அப்படித்தான். செருப்பு கழண்டு போறது தெரியாது."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"வரும், மெதுவா வரும்னாரு. வராமயும் போலாம்னாரு. எப்பன்னு கேட்டேன். அவருக்கும் தெரியல."

"ஏங்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அங்கியே உக்காந்துக்கினு நூறு தடவ போன் பண்ணுவ."

அது உண்மைதான். மாவு மில் ஓடத் தொடங்கியது. கடை மூடிவிடலாம், மாசா மாசம் நான் அனுப்புகிறேன், வீட்டில் இரு என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை.

"பிரான்சிஸு, எனக்கு இப்ப எதுவும் வேணும்னு தோணல. நல்ல பொடவ எடுக்கணும்னு தோணல, கறி தின்னணும்னு தோணல. ஜெபம் பண்ணா வாய் மட்டும் சொல்லுது. அழுவையும் வரல. உள்ள பூரா வெரல் மாதிரியே கீது. இந்த வேல மட்டும் வேணும்னு தோணுது. இது ஒன்னுதான் தோணுது. அதையும் வுடச் சொல்ற."

நான் விரித்த ஜெர்சியை மடித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வல்லரசு வந்தான். சித்தார்த்தன் நினைவுக் கபடிக் குழுவின் கேப்டன், வல்லத்துக்குப் பக்கத்து ஊர். தோள் வாசலை அடைத்தது. அவன் எந்தக் கடைக்குப் போகிறானோ அந்தக் கடைக்குத்தான் அந்தப் பக்கத்துக் குழுக்கள் அத்தனையும் போகும். இன்னும் தைக்காத மிச்ச ஜெர்சிகளை வாங்கிப் போக வந்திருந்தான். விழுப்புரத்தில் ஒரு கடையில் பேசிவிட்டானாம்.

"உக்காரு வல்லரசு" என்றாள் அக்கா.

"இல்லக்கா, ஜல்தியா போவணும்."

வேணி விடவில்லை. "இன்னா கேப்டனு, எங்க கடை ஜெர்சிதான் உன்ன தோக்கடிச்சுதா? உன் தொப்பைக்கு அதுல பங்கு இல்லியா?"

"வேணிக்கா, வாய வச்சிக்கினு சும்மா கெட. அம்மன் கிட்ட வச்சேன், எலுமிச்சம்பழம் சுத்துனேன், ஒன்னும் வேலைக்காவல. பசங்க போட மாட்டேன்றானுங்க." பிறகு என் பக்கம் திரும்பினான். கருநீல ஜெர்சி ஒன்றை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டினான். "நீங்களே பாருங்கண்ணே. இந்தத் துணி வழுக்கணும். அதுக்குத்தான் இதப் போடறது, எவன் கையிலயும் சிக்கக் கூடாதுன்னு. இந்தச் சுருக்கத்துல வெரல வுடுங்க. வுடுங்க சும்மா."

விட்டேன். சுருக்கத்தின் மடிப்புக்குள் என் நான்கு விரலும் போய் நின்றன. கைப்பிடி போல இருந்தது.

"அவ்ளோதான் மேட்டரு. ரெய்டு போயி, தொட்டுட்டுத் திரும்புறேன். கோட்டுக்கு ஒரு மொழம். பின்னால இருந்து வெரல வுட்டுப் புடிச்சான் பாருங்க… செத்துப்போன சித்தார்த்தண்ணனே என்ன புடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. அண்ணன் பேரு அது. அத வச்சே என்னத் தூக்கி அடிச்சானுங்க. பேஜாரா பூடுச்சுண்ணே."

வேணி கத்தரியைக் கீழே வைத்தாள். அமாவாசையும் இல்லை, தோஷமும் இல்லை. சுருக்கம்தான் காரணம் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதை அக்காவிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அம்மன் தலையில் போட்டிருக்கிறான்.

"அக்காவுக்கு…" என்று நான் தொடங்கினேன். அக்கா என்னைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

"ஒன்னே ஒன்னு போட்டுத் தர்றேன்" என்றாள் அவள். "உனக்கு மட்டும். ஞாயித்துக்கெழம விழுப்புரத்துல ஆட்டம் இருக்குதுல்ல? போட்டுக்கினு ஆடு. சரியில்லன்னா சொல்லிடு. அதுக்கப்புறம் நான் பிரேமத் தொடல, மிஷின வித்துடறேன்."

வல்லரசு தலையைச் சொறிந்தான். "அப்படில்லாம் சொல்லாதக்கா."

"சொல்லிட்டேன்."

"சரி. ஆடி முடிச்சதும் நானே போன் பண்றேன். நல்லா இருந்தாலும் பண்றேன், இல்லன்னாலும் பண்றேன்."

திரும்பி வந்த ஜெர்சிகளின் வெறும் முன்பக்கத்திலேயே அக்கா பழகிப் பார்த்தாள். பிரேமில் மாட்டி விரலால் தடவினாள். பழக்கத்தில் கை போய்வந்ததே தவிர அதில் சேதி எதுவும் வரவில்லை. ஓட்டினால் சுருங்கியது. வேணியை மாட்டச் சொன்னாள். வேணிக்குப் பயம், பயத்தில் இன்னும் இழுத்தாள். நான் இணையத்தில் படித்துவிட்டு, துணியைப் பிரேமில் மாட்டாமல் அடியில் வைக்கிற பேப்பரோடு ஒட்டவைக்கிற ஸ்பிரே ஒன்றை வரவழைத்தேன். அதில் ஊசி பிசுபிசுத்து, நூல் அறுந்து அறுந்து போனது.

"அண்ணே, உங்க பசை நல்லாத்தான் ஒட்டுது. துணிய மட்டும் வுட்டுட்டு மத்தது எல்லாத்தையும் ஒட்டுது" என்றாள் வேணி.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அக்கா அப்படி ஒரு ஜெர்சியில் வட்டம் எங்கே வரவேண்டும் என்று குறித்தாள். அதற்கு அவள் எப்போதும் தன் வளையலைத்தான் வைப்பாள். இளைத்த பிறகு வளையல்கள் கையில் நிற்காமல் மேசை இழுப்பறைக்குள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துணி மேல் வைத்து சாக்குக்கட்டியால் சுற்றி வரைந்தாள். பிரேமில் மாட்டினாள். தடவினாள். மிஷினில் பூட்டப் போனவள் நின்றுவிட்டாள்.

"வேணி, இங்க வா. இது ரவுண்டாவா கீது?"

வேணி எட்டிப் பார்த்தாள். "ரவுண்டா? முட்டக்கா. வாத்து முட்டை."

துணி எங்கே இழுபட்டதோ அங்கே வட்டம் நீண்டிருந்தது. அக்கா பிரேமின் மேல்பக்கத் திருகைத் தளர்த்தினாள். முட்டை கொஞ்சம் குட்டையானது. பக்கவாட்டில் விட்டாள். வளையலை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் கோடு வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் துணியை நகத்தால் தள்ளினாள். மறுபடி வைத்தாள். கோடு முழுக்க வளையலுக்கு அடியில் மறைந்தது.

ஓட்டினாள். பிரேமைக் கழற்றி உதறினாள். வட்டம் தட்டையாகக் கிடந்தது. வேணி இரண்டு கையாலும் இழுத்தாள், எழுத்து துணியோடு போய், துணியோடு திரும்பியது.

"அக்கா!" என்று கத்தினாள் வேணி. மில்காரர் எட்டிப் பார்த்தார்.

அக்கா அதை முழங்கையின் உள்மடிப்பில் வைத்துத் தேய்த்தாள். அங்கே உணர்வு இருக்கிறதாம். "ம்" என்றாள். வல்லரசுக்கான புது ஜெர்சியை எடுத்தாள்.

"சந்தோஷமாக்கா?" என்றேன்.

"இருக்கணும்" என்றாள். யோசித்துவிட்டுச் சொன்னாள். "தெரியலடா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டோம். ஞாயிறு கடை கிடையாது. வீட்டில் உட்கார முடியவில்லை என்று அவள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஷட்டரைப் பாதி மட்டும் ஏற்றினேன். மில் ஓடாததால் ரோட்டுச் சத்தம் கேட்டது. மத்தியானம் தாண்டியது, விழுப்புரத்தில் அந்நேரம் ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். நான் என் போனில் மணி பார்த்தேன், பிறகு மஸ்கட் மணி பார்த்தேன், அதற்கு எந்த அவசியமும் இல்லை.

ஒரு பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயப் பெண்ணின் பனியன் பாக்கி இருந்தது. அதே மாதிரி நீளுகிற துணி, ஆனால் மெல்லிசு. அக்கா வளையலை வைத்து வட்டம் போட்டு, பிரேமில் மாட்டி, வளையலால் மூடிப் பார்த்து, மிஷினை ஓடவிட்டாள். பிரேமுக்கு வெளியே தொங்கும் துணியின் கனம் கூட எழுத்தைக் கோணலாக்கிவிடும். அதனால் இரண்டு உள்ளங்கையிலும் துணியை ஏந்திக்கொண்டு, பிரேம் நகரும் பக்கம் உட்கார்ந்தபடியே கூடவே சாய்ந்துகொண்டிருந்தாள். அவள் போன் மடியில் இருந்தது. பூசைக்காகச் சத்தத்தை அணைத்தது, அப்படியே இருந்தது.

போன் அதிர்ந்தது. மேசை விளிம்பில் பட்டு டர்ரென்றது. திரையில் வல்லரசு.

அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. போனு."

குனிந்து பார்த்தாள். பெயரைப் படித்தாள். கை துணியை விடவில்லை.

நான் எடுக்கக் கை நீட்டினேன்.

"எடுக்காதடா."

"அவன்தான்கா…"

"தெரியுது. பாதி எழுத்துல கீது. இப்ப வுட்டா இழுத்துக்கும். முடியட்டும்."

அது நின்றது. உடனே மறுபடி அதிரத் தொடங்கியது. மிஷின் ஒரு எழுத்தை முடித்து, நூலை வெட்டாமல் அடுத்த எழுத்துக்குத் தாவியது. அக்கா துணியோடு வலப்பக்கம் சாய்ந்தாள். போன் அவள் தொடை மேல் நடுங்கிக்கொண்டே மெல்ல மெல்ல நகர்ந்து, முழங்கால் ஓரம் வரை வந்துவிட்டது.